ரோஸ் சேலை நுழைந்த வீடுகள்

சங்கமித்ரா செத்துப்போன பிறகுதான் அவள் எவ்வளவு பெரிய ஆள் என்பது மேலிடத்துக்குத் தெரியவந்தது. எலேகுண்டே சமுதாயக் கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஃப்ளெக்ஸில் அவள் படம், அதைவிடப் பெரிதாக அறக்கட்டளையின் சின்னம். படத்துக்கு மாலை போட்டு நெற்றியில் குங்குமமும் அப்பியிருந்தார்கள். ஜோகுபாளையத்தில் ஒரு பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவள் அவள். நெற்றியில் எதையும் வைத்து அவளை யாரும் பார்த்ததில்லை. உயிரோடு இருந்தபோது அவளிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டவர்கள், அன்று மேடையில் வரிசையாக உட்கார்ந்து துக்கப்பட்டார்கள். துக்கத்துக்கு நடுவே பாதாம் பாலும் வந்தது.

அவள் எலேகுண்டேயின் ஆஷா. கிராமத்துச் சுகாதாரப் பெண். ஊழியர் என்று அரசாங்கம் சொல்லாது, தொண்டர் என்று சொல்லும். தொண்டர் என்றால் வெயிலைப் பற்றியும் கால்வலியைப் பற்றியும் பேசக் கூடாது. பி.யூ.சி. முடித்ததும் பொம்மனஹள்ளியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வாடகைக்குப் பயந்து அவன் அவளை ஒசூர் ரோட்டுக்கு உள்ளே, அந்த ஊருக்குக் கூட்டிவந்தான். ஒரு பக்கம் இருபது மாடிக் கட்டடங்கள், இன்னொரு பக்கம் கேழ்வரகுக் கொல்லை, நடுவில் ஊர். சில வருஷத்தில் அவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். அவள் அங்கேயே தங்கிவிட்டாள். ஜோகுபாளையத்துத் தமிழும் தெருவில் கற்ற கன்னடமும் வாய்க்கொழுப்பும்தான் அவள் சொத்து.

எலேகுண்டேயில் யாரும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் இருந்தது. சங்கமித்ரா நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனால், கறிவேப்பிலைக்கோ வம்புக்கோ போகிறாள் என்று அர்த்தம். ரோஸ் நிறச் சீருடைச் சேலையைக் கட்டி, தோளில் பையை மாட்டிக்கொண்டு போனால் விஷயம் வேறு. வீடு வீடாகப் போனால் சர்வே. ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனால் பிள்ளை. அந்த வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறாள், தாயி கார்டு எழுதியாகிவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிடும். கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் அட்டை அது. மருமகள் வாயைத் திறப்பதற்கு முன்பே எதிர்வீட்டுக்காரிகள் ரோஸ் சேலையைப் பார்த்து மாமியாருக்கு வாழ்த்துச் சொன்ன கதையெல்லாம் உண்டு.

இந்த ஊருக்குத்தான் ஷ்ரேயாஸ் வந்தார். ஒரு கம்பெனி தன் மனசாட்சிக்காக நடத்தும் அறக்கட்டளையின் திட்ட மேலாளர். ஏழ்மையைப் பற்றி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வராததற்கு உடம்புதான் பாதிக் காரணம், ஆகவே ஆஷாக்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். யோசனையில் தப்பில்லை. தப்பில்லாத யோசனையை எப்படிக் கெடுப்பது என்பதற்குத்தான் அவ்வளவு படித்திருந்தார். ஓட்டல் ஹாலில் குளிரக் குளிர உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார். வராத பிள்ளையின் வீட்டுக்கு வாரத்தில் மூன்று முறையாவது போக வேண்டும், சீருடையில் போக வேண்டும், வாசலில் நின்று படம் எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும்.

“சாயங்காலம் வேலை முடிஞ்சு வூட்டு உடுப்புல போனா ஆகாதா சார்? இந்தச் சேலை நெருப்பு மாதிரி காயுது” என்று சங்கமித்ரா கேட்டாள்.

“நோ மேடம். யூனிஃபார்ம் பார்த்தாதான் ஜனங்களுக்கு ட்ரஸ்ட் வரும். சேலை இல்லாட்டி விசிட் இல்லை.”

அவளும் தலையாட்டிவிட்டு வந்தாள். அந்தச் சேலைக்கு ஊரில் என்ன அர்த்தம் என்பது அவளுக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வருஷக்கணக்காகக் கட்டிக்கட்டி அது அவளுக்குத் தோலாகிவிட்டது.

தீபிகா ஒன்பதாம் வகுப்பு. அப்பா ஜெயராமன் பக்கத்து அடுக்குமாடியில் செக்யூரிட்டி. அம்மா எல்லம்மா அதே கட்டடத்தில் பாத்திரம் தேய்ப்பவள். வாரத்தில் பாதி நாள் அந்தப் பெண் பள்ளிக்குப் போவதில்லை. ஏன் என்று கேட்டால் தலைவலி என்பாள், வயிற்றுவலி என்பாள். மூன்றாவது முறை போனபோதுதான் சங்கமித்ரா அவள் பின்னலை ஒதுக்கிப் பார்த்தாள். இடது காதில் பஞ்சு. பஞ்சை எடுத்ததும் நாற்றம் அறையை நிறைத்தது. குழந்தையிலிருந்தே சீழ் வடிகிற காது. வடிகிற நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப்போனார்கள். தலைமை ஆசிரியர் மஞ்சுநாத் அதற்கு ஒரு நிவாரணம் கண்டுபிடித்தார். அவளைத் தனியாகக் கதவோரம் உட்காரவைத்தார். காற்று வருமாம். அந்தக் காதில் பாதிதான் கேட்கும், கதவோரத்தில் அதுவும் கேட்காது. காற்று மட்டும் வந்தது.

“இத்தனை நாளா என்னடி பண்ணீங்க?”

“பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊத்துவேன்க்கா” என்றாள் எல்லம்மா. பிறகு சங்கமித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “யாராண்டயும் சொல்லிடாதீங்க. காது ஒழுகுற பொண்ணுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?”

தீபிகா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஸ்கூல்ல தெரியும். தெருவுக்கு வேணாம்க்கா.”

சங்கமித்ரா வாக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, டாக்டர் சொன்னபடி பஞ்சைத் திரியாக்கிக் காதைத் துடைத்து, சொட்டு மருந்து விட்டு, எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கி வைத்தாள். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று தீபிகாவே கதவைச் சாத்திவிடுவாள். ஒவ்வொரு முறையும் சாத்திய கதவுக்கு முன்னால் நின்று, ரோஸ் சேலையில், சங்கமித்ரா படம் எடுத்து ஆப்பில் ஏற்றினாள். சீழ் குறைந்தது. அந்த மாதம் தீபிகா கொஞ்சம் கூடுதலாகவே பள்ளிக்குப் போனாள்.

ஊர் எப்போதும் பால் பூத்தில்தான் விழித்துக்கொள்ளும். பூத்தை நடத்துகிறவள் ஸ்ரீலக்ஷ்மி. பாக்கெட் பாலில் கலக்க முடியாத தண்ணீரையெல்லாம் பேச்சில் கலப்பவள்.

“ஜெயராமன் வூட்டுக்கு ரோஸ் சேலை போவுது, பாத்தியா?”

“எல்லம்மாவுக்கு இந்த வயசுலயா? அடிப்பாவி.”

“எல்லம்மாவுக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே. கூட்டிகினு போனதே ஆஷாக்காதான்.”

“அப்ப யாருக்கு?”

ஸ்ரீலக்ஷ்மி பால் பாக்கெட்டை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள். அந்த வீட்டில் மிச்சம் இருப்பது யார் என்பதை வாடிக்கையாளர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். பக்குவமானவள்.

ஜெயராமனின் காதுக்கு அது முடி வெட்டும் கடையில் எட்டியது. பாதி முகத்தில் சோப்போடு எழுந்து வந்தான் என்று சொல்வார்கள். அப்படியே சங்கமித்ரா வீட்டு வாசலுக்கு வந்தான்.

“அக்கா, இனிமே எங்க வூட்டுப் பக்கம் வராதீங்க.”

“என்ன ஜெயராமா? காது இப்பத்தான் காய ஆரம்பிச்சிருக்கு.”

“காது கெடக்குது. எம் பொண்ணைப் பத்தி ஊரே என்னா பேசுதுன்னு தெரியுமா ஒனக்கு? சேலை கட்டிகினு வந்து வந்து நிக்கறியே, கதவை வேற சாத்திகினு!”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கட்டியிருந்த சேலையைக் குனிந்து பார்த்தாள்.

ஜெயராமன் முடிவு எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தான். பள்ளிக்கூடம் போதும். ஆடி கழிந்ததும் வாணியம்பாடியில் இருக்கும் அக்கா மகனுக்குக் கொடுத்துவிடப் போகிறான்.

“பதினஞ்சு வயசுடா. போலீசுல ஒரு வார்த்தை சொன்னா மாப்பிள்ளையோட சேத்து ஒன்னையும் உள்ள வெச்சிருவாங்க.”

“சொல்லு. போலீசு ஜீப்பும் வரட்டும். மிச்சம் இருக்கிற மானமும் போவட்டும்.”

அவன் சொன்னது பொய்யில்லை. ஒரு போன் போட்டால் கல்யாணம் நின்றுவிடும். கட்டாயம் போட்டே தீருவது என்று அவள் மனதுக்குள் தேதியும் குறித்துக்கொண்டாள். ஆனால் ஜீப் வந்துபோன வீட்டுப் பெண் அதற்குப் பிறகு புத்தகப் பையை மாட்டிக்கொண்டு அந்தத் தெருவில் நடக்க முடியுமா? கல்யாணமும் நிற்க வேண்டும், பள்ளிக்கூடமும் நிற்கக் கூடாது. அதற்குப் பேச்சு செத்தாக வேண்டும்.

முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். எல்லம்மாவிடம் கேட்டுக்கொண்டு, தீபிகா அழுதுகொண்டே தலையாட்டிய பிறகு, பால் பூத்துக்குப் போய்ச் சத்தமாகவே சொன்னாள். “அந்தப் பொண்ணுக்குக் காதுல சீழு. அதுக்குத்தான் போறேன்.”

ஸ்ரீலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “காதுக்கு எதுக்குக்கா ஆஷாக்கா? காது பாக்குறதுக்கா கதவை சாத்துறாங்க? நீங்க நல்லவங்க, மறைக்கிறீங்க. மறைங்க, மறைங்க.”

உண்மை அவ்வளவுதான் விலை போனது. மேலே சொன்னால் ஏதாவது வழி பிறக்கும் என்று ஷ்ரேயாஸுக்குப் போன் செய்தாள். அவர் பதறிப்போனார். “டோன்ட் வொர்ரி மேடம், நான் டீம் அனுப்பறேன்” என்றார். சொன்னபடி அனுப்பினார். பெரிய எழுத்தில் ‘தாய் சேய் நலம்’ என்று எழுதிய வாடகை வேன் ஒன்று, பக்கத்து ஊர்களிலிருந்து ரோஸ் சேலை கட்டிய இரண்டு ஆஷாக்கள், கேமராக்காரர் ஒருவர். ஜெயராமன் வீட்டு வாசலில் வேன் நின்றபோது, தெரு மொத்தமும் சோற்றுக் கையோடு வெளியே வந்தது. வேனை மலிவாகக் கிடைத்ததென்று எடுத்தார்களாம். எல்லம்மா உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அறிக்கையில் ‘குடும்பத்தினர் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினார்கள்.

அந்த வேன் போன பிறகு சங்கமித்ரா திட்டத்தை நம்புவதை விட்டாள். வீட்டில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே யோசித்தாள் என்பது அவளே சொன்னது. உண்மையைச் சொன்னால் நம்பாத ஊர். சேலை சொன்னால் நம்புகிறது. சரி, சேலையே பேசட்டும்.

மறுநாள் காலை, துவைத்து மடித்து வைத்திருந்த புதுச் சீருடையைக் கட்டி, பையை மாட்டிக்கொண்டு நேராக ஸ்ரீலக்ஷ்மியின் வீட்டுக்குப் போனாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே எடுத்து வாசலில் தெருவைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“வீணா எங்க? கூப்புடு.”

வீணா ஸ்ரீலக்ஷ்மியின் மகள். பி.காம். படிக்கிறாள். அவள் கையை நீட்டச் சொல்லி, பிரஷர் பட்டையைச் சுற்றி, ஊர் பார்க்க நிதானமாக அழுத்தினாள். நாக்கை நீட்டச் சொன்னாள். கண்ணை இழுத்துப் பார்த்தாள். “சத்து பத்தலையே” என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

“என்னாத்துக்குக்கா வந்தீங்க?” ஸ்ரீலக்ஷ்மியின் குரல் இறங்கியிருந்தது.

“சும்மாதான்.”

“சும்மாவா? சேலை கட்டிகினா?”

“ஏன், சேலை கட்டினா என்ன?”

ஸ்ரீலக்ஷ்மி தெருவைப் பார்த்தாள். அதற்குப் பதில் சொன்னால் பால் பூத்தில் அவளே விற்ற சரக்கைத் தன் வீட்டு வாசலில் இறக்க வேண்டும். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது.

ஒரு நாள் விட்டு மறுபடியும் போனாள். அடுத்த முறை வீணாவைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேரம் ஆடிவிட்டு வந்தாள். அந்த வாரக் கடைசியில் ஸ்ரீலக்ஷ்மி அவளைத் தெரு முனையில் மடக்கினாள்.

“அக்கா, உங்க கால்ல வேணா விழறேன். வாங்க, வேணாங்கல. நைட்டியில வாங்கக்கா!”

“ஆப்புல சேலை கேக்குதே ஸ்ரீலக்ஷ்மி. பெரியவங்க ரூல்சு. நான் என்ன பண்றது?”

ஸ்ரீலக்ஷ்மியோடு அவள் நிறுத்தவில்லை. மஞ்சுநாத் சார் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவிக்குப் பேரன் பிறக்கும் வயது. அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்துக் காப்பி கொடுத்தாள். தலைமை ஆசிரியர் மட்டும் கன்னடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஊரில் தன் கௌரவம் என்ன ஆகும் என்று கேட்டார். கதவோரம் உட்காரவைத்தால் காற்று வரும் சார் என்று சொல்லிவிட்டு வந்தாள். பஞ்சாயத்து உறுப்பினர் வீட்டில் நான்கு முறை. புதுவீடு கட்டிக் குடிவந்த கிழவர் தனியாக இருந்தார், அங்கே ஐந்து முறை. டெலிவரி வேலை பார்க்கும் பையன்கள் மூன்று பேர் தங்கியிருந்த அறைக்கும் போனாள். அதில் நோயல் என்பவன் கதவைத் திறந்து, சேலையைப் பார்த்து, உள்ளே திரும்பிக் கத்தினான்.

“டேய், ஆஷாக்கா வந்துகீறாங்க. நம்ம மூணு பேர்ல யாருக்குடா?”

“டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். கையை நீட்டு” என்றாள் சங்கமித்ரா.

இந்த வேடிக்கை நடந்துகொண்டிருந்தபோதே, ஜெயராமன் டியூட்டிக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், அதே ரோஸ் சேலையில் தீபிகாவின் வீட்டுக்கும் போனாள். வாசலிலேயே வெளிச்சத்தில் உட்காரவைத்து, காதைத் துடைத்துப் பஞ்சைத் தெருவில் தெரியும்படி போட்டாள். தண்ணீர்க் குடத்தோடு போன ஒருத்தி நின்று பார்த்து, “அய்ய, காதா?” என்றாள். “காதுதான்” என்றாள் சங்கமித்ரா. ஊருக்குச் சப்பென்று போய்விட்டது. பேச்சு செத்தது என்று சொல்ல முடியாது. சுவை இல்லாமல் போனதால் துப்பிவிட்டார்கள்.

ஜெயராமன் டீக்கடையில் இரண்டு நாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், “எல்லார் வூட்டுக்கும்தான் போவுது அந்தம்மா. வேலை வெட்டி இல்ல அதுக்கு” என்று அவனே சொன்னான். வாணியம்பாடிக்குப் போன் போட்டு, பொண்ணு படிக்கட்டும், அவசரம் ஒன்றுமில்லை என்று தெரிவித்தான். ஏதோ தானே பெண்கல்வியைக் கண்டுபிடித்தவன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டான். ஆடி கழிந்தது. தீபிகா பையை மாட்டிக்கொண்டு பால் பூத்தைத் தாண்டி நடந்தாள். ஸ்ரீலக்ஷ்மி பாக்கெட்டைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“எனக்காகவாக்கா அத்தனை வூட்டுக்கும் போனீங்க?” என்று தீபிகா ஒரு நாள் கேட்டாள்.

“போடி. கேரம் ஆட ஆள் இல்லாம போனேன்.”

செவிப்பறையில் ஓட்டை. அதை மூடினால்தான் காது நிரந்தரமாகக் காயும் என்று நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு நாள் வாங்க சங்கமித்ரா பஸ் பஸ்ஸாக அலைந்தாள். அந்தச் சமயத்தில்தான் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. வராத மாணவர் யாருமே இல்லாத வீடுகளுக்குத் தேவையில்லாமல் போயிருக்கிறாள், ஆண்கள் மட்டும் தங்கும் அறையிலும் படம் எடுத்திருக்கிறாள், செயலியைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறாள், விளக்கம் தர வேண்டும். “சேலை கட்டித்தான் போனேன்” என்று ஒரே வரியில் விளக்கம் எழுதினாள். திட்டத்திலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள், அரசாங்கத்து ஆஷா வேலை மட்டும் மிஞ்சியது. அன்று மாலை நைட்டியில் நிம்மதியாகத் தெருவில் நடந்தாள்.

ஆபரேஷன் நடந்தது. தையல் ஆறி, தீபிகா பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்சுக்கு வந்தாள். கதவோரத்து இடம் இப்போது காலி. மஞ்சுநாத் சார் அங்கே குப்பைக்கூடை வைத்திருக்கிறார்.

அடுத்த போலியோ சொட்டு மருந்து ஞாயிறன்று சங்கமித்ராவுக்கு நெஞ்சு அடைத்தது. வாயு என்று சோடா வாங்கிக் குடித்தாள். கடைசிக் குழந்தைக்குச் சொட்டு விட்டு, பெட்டியை ஒப்படைத்து, வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் படுத்தவள்தான். ஊர் முழுக்கப் பிரஷர் பார்த்தவளுக்கு ஒருத்தரும் பிரஷர் பார்த்திருக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் ஷ்ரேயாஸ்தான் அதிக நேரம் பேசினார். மாவட்டத்திலேயே அதிக வீடுகளுக்குப் போன ஆஷா சங்கமித்ராதான் என்பதை ஆப் காட்டுகிறதாம். அந்த அர்ப்பணிப்பை வணங்கி, திட்டத்துக்கு இனிமேல் அவள் பெயர். இன்னும் நூறு ஊர்களுக்கு அது போகப்போகிறது. பள்ளிக்கு வராத ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் வாரத்தில் ஐந்து முறை ஆஷாக்கள் போவார்கள். சங்கமித்ராவைப் போலவே, தவறாமல், சீருடையில். புதிதாக வந்த ரோஸ் சேலைகளை மேடையில் வைத்து விநியோகமும் செய்தார்கள். கை தட்டினார்கள். ஸ்ரீலக்ஷ்மியும் தட்டினாள்.

மூன்றாவது வரிசையில் தீபிகாவும் எல்லம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பாதி இங்கிலீஷும் பாதி கன்னடமுமாக ஓடிய பேச்சு எல்லம்மாவுக்குப் பிடிபடவில்லை. தீபிகாவுக்கு எல்லாம் கேட்டது. ஸ்பீக்கர் இடது பக்கம்தான் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல், அந்தக் காதில், தெளிவாகக் கேட்டது.

எல்லம்மா மகளின் தோளை இடித்தாள். “இன்னாடி சொல்றாரு நம்ம அக்காவைப் பத்தி?”

தீபிகா மேடையில் இருந்த சேலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் சொல்லலம்மா” என்றாள். “எழுந்திரு, போலாம்.”